வரவேற்கும் மனிதன்

அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று கைலாசத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் தப்பித்திருப்பார் என்று நினைக்கவும் இடமில்லை. தெரியும் என்று சொல்லிக்கொண்டவர்கள்தான் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

கேரள எல்லையோரம், காரோட்டிலிருந்து பூவாருக்குப் போகும் சாலையில், வளைவு திரும்பியதும் அவருடைய வீடு. பழைய ஓட்டுவீடு, ஓட்டுக்குக் கீழே பலகை மச்சு. உதியன்குளங்கரை முக்கில் பல்பும் வயரும் விற்கிற சின்னக் கடை ஒன்று வைத்திருந்தார். மகள் தாரா பூவாரில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். பிள்ளையும் தாயும் படுக்கவேண்டிய தெற்கு அறை ஒழுகியது. ஜூனில் இறங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் கூரையை மாற்றிவிடலாம் என்று ராஜப்பன் மேஸ்திரியை வரச்சொன்னார். இந்த உலகத்திடம் அவர் கேட்டது அவ்வளவுதான், மகள் நனையாமல் படுத்துக்கொள்ள ஒரு கூரை.

ஓடுகளையெல்லாம் இறக்கி அடுக்கிவிட்டு மச்சுப் பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்த ராஜப்பன், சுவர் இடுக்கிலிருந்து ஒரு மூங்கில் குழாயை எடுத்துக் கீழே போட்டார். உள்ளே சுருட்டிய காகிதம். விரித்துப் பார்த்தால் பழுப்பேறிய மைக்கோடுகள். ஒரு வளைவு, அதன் கீழே நெருக்கமாகச் சில கீற்றுகள், ஓரத்தில் மை சிந்தியதுபோல ஒரு கறுப்பு.

"பொம்பள ஒருத்தி குனிஞ்சு நிக்கா" என்றாள் கைலாசத்தின் மனைவி பகவதியம்மாள்.

"எருமை படுத்துக் கெடக்குல்லா அக்கா, பொம்பளையா அது?" என்றார் ராஜப்பன்.

கைலாசம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ எழுதுகோலைச் செதுக்கிவிட்டு மை இறங்குகிறதா என்று இழுத்துப் பார்த்த கோடுகள்போல அவருக்குத் தோன்றியது. அதை அவர் சொல்லவில்லை. பின்னால் பலமுறை அதை நினைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுகேன். இத திரும்பக் கொளாய்க்குள்ள போட்டு இருந்த எடத்துலயே சொருகிருவோம். வேண்டாத்த பணியாக்கும்."

ராஜப்பன் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் கைலாசத்தின் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சர்க்கார் கணக்கு எழுதியவர்கள். பழைய காகிதம் ஒன்று கையில் கிடைத்தால் அதை மேலிடத்துக்கு அனுப்பாமல் அவர்களுக்கு உறக்கம் வராது. சோறு இறங்காது. சட்டையை மாட்டிக்கொண்டு, காகிதத்தை நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவரே தாலுகா ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு வரும்போது மனசு லேசாக இருந்தது என்று பகவதியம்மாளிடம் சொன்னார்.

எல்லைப்புறச் சித்திரப் பொருள்கோள் மன்றம் என்று ஒன்று இருப்பது அதுவரை அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. மன்றத்துக்கும் பொருள்கொள்ள அதுவரை ஒரு சித்திரமும் அகப்பட்டதில்லை. ஜீப்பிலிருந்து இறங்கியவர்களின் முகத்தில் அந்தப் பசி இருந்தது.

தலைவர் முனைவர் வேதமணி மென்மையான மனிதர். குரலை உயர்த்தமாட்டார். பேசி முடித்ததும் எதிரிலிருப்பவரைப் பார்த்தபடி நெடுநேரம் மௌனமாக இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல் எதிரிலிருப்பவர் எதையாவது ஒப்புக்கொண்டுவிடுவார்.

"காகிதமும் மையும் பதினெட்டாம் நூற்றாண்டு. பொருள் நிச்சயமில்லை. இது மன்றத்தின் முதல் முடிவு" என்றார் வேதமணி.

அந்தப் படத்தைப் பற்றி மன்றம் சொன்ன கடைசி உண்மையும் அதுதான்.

"இனி மூலத்தை யாரும் பார்க்கக் கூடாது. பெட்டியில் வைத்து முத்திரையிட்டாகிவிட்டது. பார்த்தால் தேயும்."

"பாத்தா தேயுமா சாரே?"

"வெளிச்சத்தில் கொஞ்சம் தேயும். ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்வதில் நிறையத் தேயும். என் அனுபவத்தில் சொல்கிறேன் கைலாசம், ஒரு பொருளைப் பற்றித் தீர்க்கமான முடிவுக்கு வரவேண்டுமானால், முதலில் அது நம் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்."

கைலாசம் தலையாட்டினார். பெரியவர்கள் பேசும்போது தலையாட்டுவதும் குடும்ப வழக்கம்.

"கண்டெடுத்த இடம் கண்டெடுத்த நிலையிலேயே இருக்கட்டும். ஒரு ஓடுகூட ஏறக் கூடாது."

"கூர பிரிச்சுக் கெடக்கே சாரே. மக வாறா. மளையும் வருது."

"பொருள் தெரிகிறவரைதான்" என்றார் வேதமணி. பிறகு மௌனமாக இருந்தார். கைலாசம் "செரி சாரே" என்று சொல்வதைத் தம் காதாலேயே கேட்டார்.

ராஜப்பன் கூரைமேல் ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, ஏணியைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, சாயா குடிக்கப் போனார். அன்றைக்குத்தான் சஜு வந்து முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்தான்.

சஜு மன்றத்தின் பிரதியாளன். நெய்யாற்றின்கரைப் பக்கம் திருவிழாப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவன். மூலத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் மன்றத்தில் எல்லாமே பிரதியில்தான் நடந்தது. முத்திரையிடும் முன் அவசரமாக எடுத்த முதல் பிரதியிலிருந்து இரண்டாம் பிரதி, இரண்டிலிருந்து மூன்று. ஒவ்வொரு துணைக்குழுவும் புதுப்பிரதிதான் வேண்டும் என்று கேட்டது. முந்திய குழுவின் கண்பட்ட பிரதியை அவர்கள் தொடமாட்டார்கள். பிரதியைக் கண்டெடுத்த இடத்திலேயே உட்கார்ந்து எடுக்க வேண்டும் என்பதும் விதி.

சில வாரம் போனபிறகு கைலாசம் அவன் தோள்வழியாக எட்டிப்பார்த்தார்.

"இது எனக்க வீடுல்லா சஜு?"

"சாயல் உண்டு அண்ணா."

"சாயலா? தார்ப்பாய் கெட்டிக் கெடக்கு. ஏணி நிக்குது. ராஜப்பனுக்க ஏணியாக்கும் அது."

"நான் என்ன செய்யட்டும்? ரெண்டு கோடு நெட்டுக்கக் கெடந்துது, நடுவுல குறுக்கால சேத்துவிட்டேன். வெறும் எடம் கெடந்தா எனக்குக் கை அரிக்கும். மேல உள்ளவங்களும் இதென்ன வெறுசா கெடக்குன்னு எனக்ககிட்டதான் கேப்பாங்க. தல தூக்கிப் பாத்தா முன்னால ஒங்க வீடு. வேற எங்க பாக்க?"

அவன் சொன்னதில் பொய் இல்லை.

பாறசாலையில் ஒரு மண்டபத்தில் பொருள்கோள் அமர்வு நடந்தது. பெண் தரப்பும் எருமைத் தரப்பும் மதியம்வரை மோதின. பெண் தரப்பினர் குனிந்து காட்டினார்கள். எருமைத் தரப்பில் மூத்த பேராசிரியர் ஒருவர் மேடையில் படுத்தே காட்டினார். சோற்றுக்குப் பிறகு வேதமணி எழுந்தார். திரையில் சஜுவின் கடைசிப் பிரதி விழுந்தது.

"பெண் என்றும் எருமை என்றும் கருதியவர்களின் உழைப்பு வீண்போகவில்லை. அவர்கள் தவறாகச் சொல்லியிராவிட்டால் நாம் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. இது ஒரு வீடு. கூரையில்லாத வீடு. ஏன் கூரை இல்லை? வேயத் தெரியாதவர்களா நம் முன்னோர்? அல்ல. மழையைத் தலையில் நேராக வாங்கி வாழ்ந்த மக்கள் அவர்கள். அந்த வாழ்வை நாம் தொலைத்துவிட்டோம். எனக்குத் துக்கமாக இருக்கிறது." சொல்லிவிட்டு, குளிர்சாதனத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அவருக்குக் குளிர் ஆகாது.

கைலாசம் பின்வரிசையிலிருந்து எழுந்து நின்றார். "சாரே, ஓட்ட எறக்கினது நானாக்கும். போன மேட மாசத்துல. மேஸ்திரி உண்டு சாட்சிக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேதமணி அவரைக் கனிவோடு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் சொன்னார்: "வாய்மொழி வழக்காறுகளை மன்றம் மதிக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். கூரையைத் தாமே இறக்கியதாக இவ்வீட்டாரிடையே ஒரு நம்பிக்கை நிலவுகிறது."

கைதட்டினார்கள். கைலாசமும் தட்டினார். எப்போது தட்டத் தொடங்கினோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

பொருள் தெரிந்துவிட்டதே, இனிக் கூரை போடலாமா என்று கேட்க மறுநாள் போனார். வேதமணி வருத்தத்தோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பொருள் தெரியாதபோது நிறுத்திவைத்தோம். இப்போது தெரிந்துவிட்டது. இனி எப்படி அனுமதிப்பது? இருநூறு வருடத்துக்கு மேலாகக் கூரையில்லாமல் நின்ற வீடு. ஒந்நும் பேடிக்கண்டா கைலாசம்." பயப்படவேண்டாம் என்று மலையாளத்தில் சொல்லப்பட்டபோதுதான் அவருக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

அதன்பின் வீட்டைப் படத்துக்கு ஒப்பாக்கும் பணி தொடங்கியது. படத்தில் தண்ணீர்த் தொட்டி இல்லை. எடுத்துக்கொண்டு போனார்கள். மின்கம்பி இல்லை, அறுத்தார்கள். பகவதியம்மாளின் பிச்சிக்கொடி படத்தில் இல்லை. அதை வேரோடு பிடுங்கியவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிடுங்கினார். தார்ப்பாய் படத்தில் இருந்ததால் தப்பித்தது. கிழிந்த இடத்தைத் தைக்கக் கூடாது, கிழிசலும் படத்தில் இருக்கிறது.

ராஜப்பன் ஏணியைக் கேட்டு வந்தார். ஏணி படத்தில் இருந்தது.

"பிளாஸ்டிக் கயிறு சுத்தின ஏணியாக்கும் சாரே. பதினெட்டாம் நூற்றாண்டுல பிளாஸ்டிக் கயிறு உண்டா?"

"அதுதான் ஆய்வுக்குரிய விஷயம்" என்றார் அங்கே நின்ற அதிகாரி.

வெளியே வந்து ராஜப்பன் கைலாசத்திடம் மெதுவாகச் சொன்னார்: "நல்ல காலம் அண்ணாச்சி. அன்னு அவன் வரஞ்ச நேரம் நான் சாயா குடிக்கப் போனேன்."

கைலாசம் சாயா குடிக்கப் போகவில்லை. சுவரோரம் தலையில் கைவைத்து நின்றிருந்தார். படத்தின் ஓரத்தில் மை சிந்தினாற்போல இருந்த கறுப்பு, பிரதி பிரதியாக நிமிர்ந்து, கால் முளைத்து, கையைத் தலையில் வைத்துக்கொண்டு அவராகியிருந்தது. முற்றத்தில் படுத்திருந்த தெருநாய் ஒன்றும் படத்துக்குள் வந்திருந்தது. நாயைச் சங்கிலியில் கட்டினார்கள். கைலாசத்தைக் கட்டவில்லை. படித்தவர்கள் அல்லவா, எடுத்துச் சொன்னார்கள். பகல் முழுவதும் மனிதன் சுவரோரம் இருக்க வேண்டும். மனிதன் இல்லையென்றால் அது ஆளற்ற வீடு. ஆளற்ற வீடு மன்றத்துக்குச் சொந்தம்.

"இது எனக்க மகளுக்குள்ள வீடு சாரே."

"அதனால்தான் சொல்கிறோம். விட்டுவிடாதீர்கள்."

படத்திலிருந்த மனிதன் காலில் செருப்பில்லை. செருப்பை வாங்கிக்கொண்டார்கள். பார்வையாளர் வந்திருந்த நேரத்தில் மணியடித்ததால் கைப்பேசியையும் வாங்கிக்கொண்டார்கள். பகவதியம்மாள் படத்தில் எங்குமே இல்லை. சஜு வரைந்தபோது அவள் பூவாரில் மகளைப் பார்க்கப் போயிருந்தாள். அதிகாரி அவளிடம் மிகுந்த மரியாதையோடு, "அம்மா, நீங்கள் கொஞ்சம் இல்லாமல் இருக்க வேண்டும்" என்றார்.

அவள் சேலைகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு வந்து சுவரோரம் நின்றாள்.

"கேட்டியளா. தாராவ இனி இங்க எங்க கொண்டுவர? நான் பூவாருக்குப் போறேன். அவளுக்கு ஆள் வேண்டாமா?"

"போ. நான் இங்கே நின்னு இத ஒரு வழி பண்ணுகேன்."

"நீங்க நின்னு வழி பண்ணுதியளாக்கும்" என்றாள். சிரிக்கவில்லை. அவர் தலையிலிருந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். சாலையில் யாரோ வரும் சத்தம் கேட்டதும் அவரே கையை உருவித் தலையில் வைத்துக்கொண்டார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மழை தொடங்கியது. தெற்கு அறையில் தண்ணீர் கட்டிநின்றது. நாள்போகப்போகக் கைலாசம் பேசுவதை விட்டார். பேச ஆளில்லை என்பதல்ல. படத்தில் வாய் மூடியிருந்தது.

ஒருநாள் காலையில் நாய் செத்துக்கிடந்தது. மழையிலே கிடந்து செத்திருக்க வேண்டும். மதியத்துக்குள் மன்றத்தின் வண்டி வந்தது. அதே நிறம், அதே அளவில் வேறொரு நாயை இறக்கி, அதே சங்கிலியில் கட்டினார்கள். அது கொஞ்சநேரம் ஊளையிட்டது. பிறகு, முந்தியது படுத்திருந்த அதே குழியில் சுருண்டு படுத்துக்கொண்டது.

வேதமணி குடைபிடித்து நின்று அதைப் பார்த்தார். கைலாசத்தின் பக்கம் திரும்பி, அவர் நரையை, கால்களை, மெலிந்த கழுத்தை நிதானமாகப் பார்த்தார்.

"பேரன் பிறந்திருக்கிறானாமே. ஆண்பிள்ளை. உங்கள் ஜாடை என்று கேள்விப்பட்டேன்."

கைலாசத்துக்கு அந்தச் செய்தி அப்படித்தான் வந்துசேர்ந்தது.

"மிகவும் சந்தோஷம். மன்றத்துக்குத் தொடர்ச்சி முக்கியம்" என்றார் வேதமணி. பிறகு மௌனமாக இருந்தார். கைலாசம் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றார். எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர்கள் முன்னால் அப்படி நின்றது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் மதிலுக்கு அப்பால் ராஜப்பன் தலை தெரிந்தது. "அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில இருந்து விட்டாச்சி. தாரா நேரா இங்கதான் வருவேன்னு நிக்கா. அம்மைக்க வீட்டுக்குத்தான் பிள்ளையக் கொண்டுபோவேன், கூர இல்லேண்ணா குடை பிடிச்சு இருப்பேன்னு சொல்லுகா."

"வரண்டாம்னு சொல்லு ராஜப்பா."

"சொன்னேன் அண்ணாச்சி. அப்பா அப்படிச் சொல்லமாட்டாருண்ணு சொல்லுகா."

சஜு அன்றைக்குத்தான் இறுதிப் பிரதிக்கு வந்திருந்தான். இதற்குமேல் பிரதி கிடையாது, இதைத்தான் கல்லில் பொறிக்கப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே மையைக் கலக்கினான். மழை விட்டு, வெயில் கொஞ்சம் அடித்தது. அவன் படம் பாதிக்குமேல் முடிந்திருந்தபோது வளைவில் ஆட்டோ வரும் சத்தம் கேட்டது.

கைலாசம் சத்தத்தைக் கேட்டார். சஜுவின் தலை படத்திலிருந்து வாசல் பக்கம் நிமிர்வதையும் பார்த்தார்.

ஆட்டோ வாசலில் நின்றது. தாரா இறங்கினாள். வெளிறிய முகம், தலையில் துணி கட்டியிருந்தாள். மார்போடு ஒரு வெள்ளைத்துணிப் பொதி. அவள் கூரையைப் பார்க்கவில்லை, நாயைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். நடைப்படியில் வைக்கக் காலைத் தூக்கினாள்.

கைலாசம் தலையிலிருந்த கையை எடுத்தார். உள்ளங்கையை வாசலுக்குக் காட்டி உயர்த்தினார்.

"வராத! உள்ள கால் வைக்காத! திரும்பிப் போ!"

மாதக்கணக்கில் சத்தம் போடாத தொண்டை. அது அவர் குரல்போலவே இல்லை. பொதிக்குள் பிள்ளை அலறியது.

"அப்பா," என்றாள் அவள், "நான் தாராவாக்கும்."

"எனக்கு ஆரும் வரண்டாம். வண்டிய எடு சொல்லுகேன்!"

தூக்கிய காலை அவள் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பிறகு வெளியிலேயே வைத்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் கை தாழ்ந்திருக்கும். ஆட்டோ திரும்பி வளைவில் மறைகிறவரை அவர் கையை அப்படியே பிடித்திருந்தார். பிறகு நடந்துவந்து சஜுவின் பலகையைப் பார்த்தார்.

வீடு இருந்தது. ஏணி, நாய், கையை உயர்த்திய மனிதன், எல்லாம் இருந்தது. வாசல் இருந்த இடத்தில் மட்டும் காகிதம் வெறுமையாகக் கிடந்தது.

"இங்க ஒண்ணும் வரையல்லியா சஜு?"

சஜு தலையைத் தூக்காமல் தூரிகையைக் கழுவினான். "அங்க என்ன உண்டு? ஒண்ணும் இல்லியே." கொஞ்சம் கழித்துச் சொன்னான்: "கை அரிச்சுது அண்ணா. பரவால்ல."

திறப்பு விழாவில் வேதமணி பேசினார். குடைகளின் கீழே நல்ல கூட்டம்.

"பல காலம் அந்தக் கை தலையில் இருப்பதாகத் தவறாக எண்ணியிருந்தோம். துக்கம் என்றோம், வறுமை என்றோம். அறிஞர்கள் அவசரப்படக் கூடாது என்பதற்கு இது பாடம். இறுதிப் பிரதி ஐயத்தைத் தீர்த்துவிட்டது. அந்த உள்ளங்கையைப் பாருங்கள். எவ்வளவு திறந்திருக்கிறது! எல்லையில் வாழ்ந்த நம் முன்னோர், தலைக்குமேல் கூரை இல்லாதபோதும், வந்தவரை வா என்று அழைத்தார்கள். இது வரவேற்கும் மனிதன்."

கல்லை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். கூட்டம் கைதட்டியது. பிறகு எல்லோரும் சுவரோரம் நின்ற கைலாசத்தின் பக்கம் திரும்பினார்கள். அவர் கையை உயர்த்தினார்.

இப்போது பூவார் விடுதிகளிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள். அவருக்கு முன்னால் நின்று, அவரைப்போலவே கையை உயர்த்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிற்பகலில் பூவார் பேருந்து வளைவில் வேகம் குறையும். சில நாட்களில் அதன் சன்னலோரம் பகவதியம்மாள் இருப்பாள். அருகில் தாரா நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பகவதியம்மாள் பிள்ளையைக் கம்பிக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். பிள்ளைக்குக் கழுத்து நின்றுவிட்டது. ஒருநாள் அது அவரைப் பார்த்துச் சின்னக் கையை அசைத்தது.

கைலாசம் அசைக்கவில்லை. உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டி, பேருந்து வளைவைத் தாண்டும்வரை உயர்த்தியே பிடித்திருந்தார்.